டேபிளில் இல்லாததைக் கேட்டால் "ஸ்பெஷல்" என்கிறார்கள்: எதை விடுவது, எதைப் பிடிப்பது?

#1 லூப்செக்

வணக்கம். விரிவாக்கத் திட்டம் ஒன்றுக்கு ஃபீல்டு இன்ஸ்ட்ருமென்ட் (அழுத்தம், வெப்பம், மட்டம், ஓட்டம் அளக்கும் கருவிகள்) ஆர்டர் போடும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. கன்சல்டன்ட் கொடுத்த டேட்டாஷீட்டை அப்படியே வெண்டருக்கு அனுப்பினோம். வந்த கொட்டேஷனில் பாதி ஐட்டத்துக்கு எதிரே "ஸ்பெஷல்" என்று போட்டிருக்கிறார்கள். டெலிவரி தனி, டிராயிங் அப்ரூவல் தனி, ஆர்டர் போட்ட பிறகு ரத்து கிடையாது.

சிக்கலில் இருப்பவை இவை.

காஸ்டிக் (காரக் கரைசல்) டேங்க் லெவல்: மூடிய டேங்க். மேலும் கீழுமாக இரண்டு நாசில் (டேங்க்கின் இணைப்புக் குழாய்வாய்), நடுவே 6 மீட்டர். இரு பக்கமும் டயஃப்ரம் சீல் (திரவம் கருவிக்குள் புகாமல் மறைக்கும் மெல்லிய உலோகத் தகடு) வைத்த டி.பி. டிரான்ஸ்மிட்டர் (இரு பக்க அழுத்த வித்தியாசத்தை அளப்பது). கேப்பிலரி (சீலையும் டிரான்ஸ்மிட்டரையும் இணைக்கும், எண்ணெய் நிரப்பிய மெல்லிய குழாய்) இரு பக்கமும் 8.5 மீட்டர், டயஃப்ரம் டான்டலம், ரேஞ்ச் 0 முதல் 7200 மி.மீ. நீர்க்கம்பம். திரவத்தின் எஸ்.ஜி. (ஒப்படர்த்தி) 1.2, வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ்.

ஸ்டீம் லைன் டெம்பரேச்சர்: தெர்மோவெல்லோடு (சென்சாரைக் காக்க பைப்புக்குள் நீட்டிய உலோக உறை) பி.டி.100 (பிளாட்டினம் வெப்பநிலை சென்சார்). செருகு நீளம் 310 மி.மீ. லைன் 6 அங்குலம், ஷெட்யூல் 40. பைப்பின் வெளிப்புறத்திலிருந்து ஃபிளாஞ்ச் முகம் வரை நாசில் உயரம் 150 மி.மீ.

கண்டன்சேட் (ஸ்டீம் குளிர்ந்து வரும் நீர்) ஃப்ளோ: மேக்னெடிக் ஃப்ளோமீட்டர், "குறைந்த கடத்துதிறனுக்கு ஏற்றது" என்ற குறிப்போடு.

பிரஷர் கேஜ் கொஞ்சம்: டயலில் இரட்டை ஸ்கேல், டேக் நம்பரும் டயலிலேயே அச்சடித்து.

இது போக, எல்லா ஐட்டத்துக்கும் 3.2 மெட்டீரியல் சர்ட்டிஃபிகேட்.

கொள்முதல் பிரிவு "எல்லாத்தையும் ஸ்டாண்டர்டா மாத்திக் கொடுங்க" என்கிறது. ப்ராசஸ் பிரிவு "டேட்டாஷீட்டில் கை வைக்காதே" என்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், எதில் விட்டுக்கொடுக்கலாம்?

#2 பழையடயல்

தம்பி, எதையும் மாற்றுவதற்கு முன்னால் வெண்டருக்கு ஒரு மெயில் போடுங்கள். ஒவ்வொரு ஐட்டமும் எந்த ஆப்ஷனால் ஸ்பெஷல் ஆனது, அந்த ஆப்ஷன் ஆர்டரிங் டேபிளில் (மாடல் குறியீட்டில் சேர்க்கும் ஆப்ஷன்களின் கேட்டலாக் பட்டியல்) இருக்கிறதா இல்லையா என்று வரிவரியாகக் கேளுங்கள். கொட்டேஷன் போடுகிறவர் எல்லாவற்றுக்கும் ஒரே முத்திரை குத்தி அனுப்பிவிடுவார். நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கம்பெனி எப்போதும் கையோடு செய்துகொண்டிருக்கும் காம்பினேஷன்கள் ஒரு வகை. எமர்சனின் ரோஸ்மவுன்ட் டேபிள்களில் இவற்றுக்கு நட்சத்திரக் குறி இருக்கும். குறி உள்ளதை எடுத்தால் டெலிவரி சீக்கிரம் என்று பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். அடுத்தது, டேபிளில் குறியீடு உண்டு, நட்சத்திரம் இல்லை. டிசைன் முடிந்தது, சோதனை முடிந்தது, செய்ய நாளாகும், அவ்வளவே. இதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. மூன்றாவதுதான் அசல் ஸ்பெஷல். டேபிளில் அதற்கு இடமே இருக்காது, டிசைன் ஆள் உட்கார்ந்து தனியாகப் படம் போட வேண்டும். எண்ட்ரஸ்+ஹவுசரில் இப்படிப்பட்டதற்கு டி.எஸ்.பி. எண் என்று தனி எண்ணே கொடுப்பார்கள்.

சீமென்ஸில் ஆர்டர் எண்ணின் வாலில் "-இசட்" வந்தால் அது வேறு கதை. பின்னால் கூடுதல் குறியீடுகள் வருகின்றன என்பதற்கான அடையாளம் அது. சிட்ரான்ஸ் பி டிரான்ஸ்மிட்டரில் ஒய்01 போட்டு ரேஞ்ச் எழுதுவோம், ஒய்15 போட்டு டேக் எழுதுவோம். அன்றாடச் சமாச்சாரம். இந்த "-இசட்"டைப் பார்த்து மிரண்டு, யாரோ அதை அழித்துவிட்டு ஆர்டர் போட, ரேஞ்ச் செட் செய்யாமல் பெட்டி வந்து இறங்கியதையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஒன்றோடொன்று சேராத ஆப்ஷன்களை கான்ஃபிகரேட்டர் (குறியீட்டை உருவாக்கும் மென்பொருள்) தடுத்துவிடும். உங்கள் திரவத்தோடு சேராத உலோகத்தை அது தடுக்காது, டேங்க்கில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. குறியீடு முழுக்கப் பச்சை விளக்கு எரிந்தாலும் கருவி தவறானதாக இருக்கலாம். உங்கள் லிஸ்டில் காஸ்டிக்குக்குப் பக்கத்தில் டான்டலத்தைப் பார்த்ததும் நெருடுகிறது. லெவல் ஆட்கள் யாராவது வந்து சொல்லட்டும்.

#3 கொள்முதல்_மேசை

எங்க பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்க. "ஸ்டாண்டர்டா மாத்துங்க"ன்னு நாங்க சொல்றது சோம்பேறித்தனத்துல இல்லை. ஸ்பெஷல் ஐட்டத்துக்கு ஆர்டர் தேதியிலிருந்து டெலிவரி நாள் ஓடாது, டிராயிங் அப்ரூவ் ஆன தேதியிலிருந்துதான் ஓடும். டிராயிங் வந்து இன்ஜினியர் இன்பாக்ஸ்ல தூங்கும். கடைசில "மெட்டீரியல் ஏன் வரலை"ன்னு எங்க கழுத்தைப் பிடிப்பாங்க. அளவு தப்பாப் போனா வெண்டர் திருப்பி எடுக்கவும் மாட்டான், அதை வேற யார்கிட்ட விப்பான்?

அந்த 3.2 விஷயம். ஈ.என். 10204 படி 3.1ன்னா தயாரிப்புப் பிரிவுக்குக் கட்டுப்படாத, உற்பத்தியாளரோட சொந்த இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்ட டெஸ்ட் ரிப்போர்ட். 3.2ன்னா அதோட நம்ம தரப்பு இன்ஸ்பெக்டரோ மூணாம் தரப்போ சேர்ந்து கையெழுத்துப் போடணும். பிரஷர் கேஜுக்கு எதுக்குங்க 3.2? ஏதாவது ரெகுலேஷன் கட்டாயப்படுத்துதான்னு பாருங்க, இல்லேன்னா 3.1 போதும். ரோஸ்மவுன்ட்ல க்யூ8ன்னு ஒரு குறியீடு சேர்த்தா 3.1 வந்துடும், பேச்சே இல்லை. ஏதோ ஒரு ஐட்டத்துக்கு நிஜமா 3.2 வேணும்னா அதை இப்பவே சொல்லிடுங்க. பொருள் செஞ்சு முடிச்ச பிறகு கேட்டா குதிரைக்கொம்பு.

#4 லூப்செக்

பழையடயல் சார், சொன்னபடி மெயில் போட்டேன். வந்த பதில்:

கேப்பிலரி 8.5 மீட்டர் டேபிளில் இல்லை. 8 இருக்கிறது, 9 இருக்கிறது. டான்டலம் டேபிளில் உண்டு, டெலிவரி நீளும். தெர்மோவெல்லில் "நீளத்தைக் குறிப்பிடவும்" என்ற குறியீடு இருக்கிறது, ஆனால் 310-க்கு வெல்லையும் உள்ளே போகும் எலிமென்ட்டையும் தனியாக வெட்ட வேண்டும். மேக்மீட்டர் டேபிளிலேயே இல்லை, ஃபாக்டரிக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்களாம். கேஜ் டயலுக்குத் தனி அச்சு, அதற்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை கேட்கிறார்கள்.

டான்டலம் எதற்கு என்று கன்சல்டன்ட்டையும் கேட்டேன். வேறொரு ப்ராஜெக்ட்டின் ஆசிட் டேங்க் ஷீட்டிலிருந்து எடுத்ததாம்.

#5 கேப்பிலரி

> வேறொரு ப்ராஜெக்ட்டின் ஆசிட் டேங்க் ஷீட்டிலிருந்து எடுத்ததாம்.

நல்ல வேளை, கேட்டீர்கள். ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் போன்ற அமிலங்களுக்கு டான்டலம் அருமையான உலோகம். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமும் காரமும் அதற்கு ஆகவே ஆகாது. விலை கூடிய உலோகம் எல்லா இடத்துக்கும் பாதுகாப்பு என்ற நினைப்பில் எழுதப்பட்ட ஸ்பெக்குகள் நிறைய. 40 டிகிரி காஸ்டிக்குக்கு 316எல் தாராளம். கரைசலைச் சூடாக்குவீர்கள், ஸ்டீம் விட்டுக் கழுவுவீர்கள் என்றால் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள், நிக்கல் பக்கம் போக வேண்டிவரும். பைப்புக்குப் பரவாயில்லை என்கிற அரிப்பு வேகத்தை டயஃப்ரத்துக்குப் பொருத்தாதீர்கள். பல சீல்களில் அந்தத் தகடு 0.1 மி.மீ.கூட இருக்காது.

அடுத்து, யாரும் கவனிக்காதது: ரேஞ்ச். 0–7200 என்று எழுதியிருக்கிறீர்கள். கீழ் நாசில் எச்.பி. (உயர் அழுத்தப் பக்கம்), மேல் நாசில் எல்.பி. (தாழ் அழுத்தப் பக்கம்) என்று வைத்துக்கொள்வோம். எல்.பி. கேப்பிலரிக்குள் சிலிகான் எண்ணெய் நிற்கிறது. வழக்கமான டி.சி. 200 வகைக்கு எஸ்.ஜி. 0.934. டேங்க் கீழ் நாசில் மட்டத்துக்கு வந்துவிட்டால்:

0 − (6000 × 0.934) = −5604 மி.மீ.

மேல் நாசில் வரை நிரம்பினால்:

(6000 × 1.2) − 5604 = +1596 மி.மீ.

ஆக உங்கள் ரேஞ்ச் −5604 முதல் +1596 வரை. ஸ்பான் (ரேஞ்சின் இரு முனைக்கும் நடுவே உள்ள அகலம்) அதே 7200தான், இடம்தான் மாறுகிறது. இதனால் என்ன ஆகும் தெரியுமா? ±250 அங்குல நீர்க்கம்பம், அதாவது ±6350 மி.மீ. சென்சாரில் இது முழுக்க அடங்கிவிடும். நீங்கள் 7200 என்று எழுதியதால் வெண்டர் "6350 போதாது" என்று அடுத்த பெரிய சென்சாருக்குத் தாவியிருப்பார். கொட்டேஷனில் ரேஞ்ச் குறியீட்டைப் பாருங்கள். அதைவிட மோசம், ஃபாக்டரியில் 0–7200-க்கு செட் செய்து அனுப்பினால், டேங்க் முக்காலைத் தாண்டும் வரை சிக்னல் 4 மில்லியாம்புக்கு (ஜீரோ அளவுக்கு) கீழேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சைட்டில் கம்யூனிகேட்டர் வைத்து மாற்றிவிடலாம்தான். ஆனால் காசு கொடுத்து கஸ்டம் கான்ஃபிகரேஷன் ஆப்ஷன் வாங்கிவிட்டு, பிறகு நாமே ஏன் மாற்ற வேண்டும்?

இப்போது 8.5 மீட்டர். 9 வாங்கி மிச்சத்தை அகலமான வளையமாகச் சுற்றிக் கட்டிவிடலாம், வளைவு ஆரத்தின் குறைந்தபட்ச அளவை மட்டும் மீறக் கூடாது. ஆனால் எனக்கு அந்த அமைப்பே பிடிக்கவில்லை. இரு பக்கமும் ஒரே நீளக் கேப்பிலரி போட்டால் எண்ணெய் விரிவதால் வரும் அழுத்தம் இருபுறமும் சமமாகி அடிபட்டுப் போகும், சரி. ஆனால் எண்ணெயின் அடர்த்தி மாறுவதால் வரும் பிழை அப்படியே நிற்கும். இந்த எண்ணெய் டிகிரிக்குச் சுமார் 0.00108 பங்கு விரியும். சுற்றுப்புறம் 20 டிகிரி ஏறி இறங்கினால் 5604-இல் ஏறக்குறைய 120 மி.மீ. ஜீரோ நகரும். உங்கள் ஸ்பானில் 1.7 சதவீதம். டிரான்ஸ்மிட்டரின் துல்லியத்துக்கு 0.04-ஆ 0.065-ஆ என்று சண்டை போட்டுவிட்டு இதை விட்டுவிடுகிறோம்.

கீழ் நாசிலில் டிரான்ஸ்மிட்டரை நேரடியாகப் பூட்டி, எல்.பி. பக்கம் மட்டும் கேப்பிலரி விட்டுப் பாருங்கள். வெயில் ஏறும்போது எல்.பி. எண்ணெய் விரிந்து எல்.பி. அழுத்தத்தைக் கூட்டும், அதே எண்ணெயின் அடர்த்தி குறைந்து எல்.பி. அழுத்தத்தைக் குறைக்கும். இரண்டும் ஒன்றையொன்று பெருமளவு தின்றுவிடும். கேப்பிலரியும் 7 மீட்டரில் முடிந்துவிடும், 8.5 என்ற கேள்வியே எழாது. கீழ் நாசில் பக்கம் ஆள் எட்டுமா, அங்கே அதிர்வு உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சிலிகான் எண்ணெயே போதும், ஃபில் ஃப்ளூயிடில் (நிரப்பும் எண்ணெயில்) எதுவும் மாற்ற வேண்டாம்.

#6 புதுவரவு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும் சார். எண்ணெய் கேப்பிலரிக்குள்தானே இருக்கு, டேங்க் காலியா இருக்கறப்ப மைனஸ் எப்படி வரும்?

#7 கேப்பிலரி

டி.பி. என்றால் எச்.பி. கழித்தல் எல்.பி. மேல் நாசிலிலிருந்து இறங்கி நிற்கும் எண்ணெய் எல்.பி. பக்கத்தை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கிறது. டேங்க் காலியானாலும் அது போகாது. டிரான்ஸ்மிட்டரை மேலே ஏற்றினாலும் கீழே இறக்கினாலும் இந்த −5604 மாறாது, இரண்டு நாசிலுக்கும் இடையிலான உயரம்தான் கணக்கு.

#8 வேக்_கணக்கு

தெர்மோவெல்லுக்கு வருகிறேன். நாசில் 150, ஷெட்யூல் 40-இல் பைப் சுவர் 7.1, உள்விட்டம் 154. கூட்டினால் 311. 310 மி.மீ. வெல் போட்டால் நுனிக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவே 1 மி.மீ.தான் மிஞ்சும், கொஞ்சம் பிசகினாலும் இடிக்கும். ஃபிளாஞ்ச் வழியாக இறக்கும்போதே தெரிந்திருக்கும், ஆனால் அதற்குள் காசு போயிருக்கும்.

நுனி பைப்பின் நடுவிலுள்ள மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் போதும். 250 மி.மீ. எடுங்கள், நுனி உள்ளே 93 மி.மீ. வரும், சரியான இடம். பெரும்பாலான கேட்டலாக்கில் அது ஸ்டாண்டர்ட் நீளம், எலிமென்ட்டும் அதற்கேற்ப ரெடியாகக் கிடைக்கும்.

நீளம் குறைவதில் இன்னொரு லாபம். வெல்லின் இயல்பு அதிர்வெண் நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகப் போகும், 310-லிருந்து 250-க்கு வந்தால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கூடும். ஸ்டீம் வேகமாகப் போகும் லைனில் இது உயிர் போகிற விஷயம். 1995 டிசம்பரில் ஜப்பானின் மொன்ஜு அணு உலையில், சோடியம் ஓடும் குழாயில் ஒரு தெர்மோவெல் முறிந்து, சோடியம் கசிந்து தீப்பிடித்தது. பாய்வின் திசையிலேயே ஏற்பட்ட அதிர்வுதான் காரணம். அப்போது புழக்கத்திலிருந்த 1974 ஏ.எஸ்.எம்.ஈ. (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) கணக்குமுறை அந்தத் திசை அதிர்வைப் பார்க்கவே இல்லை. 2010-இல் பி.டி.சி. 19.3 டி.டபிள்யூ. என்று புதிதாக எழுதினார்கள், 2016-இல் திருத்திய பதிப்பும் வந்தது. சுழல் அதிர்வெண் (வெல்லைக் கடக்கும் ஓட்டத்தில் சுழல்கள் கிளம்பும் அதிர்வெண்) இயல்பு அதிர்வெண்ணில் 0.4-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 0.4 முதல் 0.8 வரை நிபந்தனையோடு. அதற்கு மேல் கூடாது.

கணக்கு தேறவில்லை என்று நீளத்தைக் குறைக்காமல், நாசிலுக்குள் காலர் வைத்து இறுக்கும் ஸ்பெஷல் வெல்லை யாராவது விற்கப் பார்ப்பார்கள். அந்த வழியை கோடே பரிந்துரைக்கவில்லை. வேக் ஃப்ரீக்வென்சி கால்குலேஷனை (இந்தச் சுழல் அதிர்வுக் கணக்கை) வெண்டரிடம் கேட்டு வாங்குங்கள், அதற்கும் ஆர்டரிங் டேபிளில் ஒரு குறியீடு இருக்கும்.

#9 மைக்ரோசீமென்ஸ்

கண்டன்சேட்டின் கடத்துதிறன் எவ்வளவு? லேப் ரிப்போர்ட் இருந்தால் போடுங்கள். பொதுவான மேக்மீட்டருக்கு சென்டிமீட்டருக்கு 5 மைக்ரோசீமென்ஸாவது வேண்டும். சுத்தமான கண்டன்சேட் அதற்குக் கீழேதான் இருக்கும்.

எலெக்ட்ரோடைப் பிளாட்டினத்தில் கேட்டாலும் லைனரை மாற்றினாலும் இது தீராது. ஃபாக்டரிக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம் என்றால் அங்கிருந்து "முடியாது" என்று வர நாளாகும் என்று அர்த்தம். நாள் கடத்தாமல் வோர்டெக்ஸ் (ஓட்டத்தில் எழும் சுழல்களை எண்ணி அளக்கும் மீட்டர்) போடுங்கள். டேபிளில் உள்ள ஸ்டாண்டர்ட் சாதனம், சூட்டையும் தாங்கும். குறைந்தபட்ச ஃப்ளோவில் அது அளக்குமா என்று சைஸிங் ஷீட்டில் சரிபாருங்கள், லைன் சைஸைவிட ஒரு சைஸ் குறைக்க வேண்டியிருக்கலாம். மீட்டருக்குப் பின்னால் அழுத்தம் போதவில்லை என்றால் சூடான கண்டன்சேட் ஆவியாகி ரீடிங் ஆடும், அதையும் பாருங்கள்.

#10 நள்ளிரவு_ஷிப்ட்

மெயின்டனன்ஸ்ல இருக்கறவன் சொல்றேன், கேட்டுக்கோங்க. ஸ்பெஷலுக்கு நீங்க வாங்கறப்ப கொடுக்கற காசு ஒண்ணுமே இல்லை. அது செத்துப் போற அன்னிக்குத்தான் பில் வரும்.

ராத்திரி ரெண்டு மணிக்கு டிரான்ஸ்மிட்டர் போயிடும். ஸ்டோர்ல அதே கம்பெனி, அதே மாடல் நாலு இருக்கும். எடுத்துட்டுப் போய்ப் பார்த்தா ப்ராசஸ் கனெக்ஷன் வேற. 1/2 என்.பி.டி. போட்ட ஸ்பேரை ஜி 1/2 துளையில திருகிப் பார்த்திருக்கீங்களா? ரெண்டுக்குமே அங்குலத்துக்கு 14 புரி. அதனால ரெண்டு மூணு சுத்து சந்தோஷமா ஏறும். அப்புறம் பிடிக்கும். ஒண்ணு 60 டிகிரி டேப்பர், இன்னொண்ணு 55 டிகிரி நேர் புரி. டேப் சுத்தி, பெரிய ஸ்பேனர் போட்டு முறுக்கி, லைன்ல பிரஷர் ஏத்தினதும் சொட்ட ஆரம்பிக்கும். அதுக்குள்ள துளையோட புரியும் போயிருக்கும்.

ஃபிளாஞ்சும் அப்படித்தான். 2 அங்குலம் கிளாஸ் 150 (அமெரிக்க அளவு), டி.என். 50 பி.என். 16 (ஐரோப்பிய அளவு), ரெண்டுக்கும் நாலு ஓட்டை. தூரத்துல பார்த்தா அண்ணன் தம்பி. பிட்ச் சர்க்கிள் (ஓட்டைகள் அமையற வட்டத்தோட விட்டம், மி.மீ.ல) ஒண்ணு 120.7, இன்னொண்ணு 125. போல்ட் இறங்காது. 3 அங்குலம்னா இன்னும் வசதி, ஒண்ணுல 4 ஓட்டை, டி.என். 80-ல 8 ஓட்டை, கண்ணாலயே தெரிஞ்சிடும்.

அதனால நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. பழைய பிளான்ட்ல ஏற்கெனவே என்ன கனெக்ஷன், என்ன கேபிள் என்ட்ரி, என்ன டிஸ்ப்ளேன்னு ஒரு தடவை நடந்து பார்த்துட்டு வந்து குறியீட்டை எழுதுங்க. எம்20 கேபிள் கிளாண்ட் ஸ்டோர் நிறையக் கிடக்கறப்ப, டேபிள்ல முதல்ல இருக்குன்னு 1/2 என்.பி.டி. என்ட்ரி எடுத்தீங்கன்னா ஒவ்வொண்ணுக்கும் அடாப்டர் போட்டு மாளாது. டேபிள்ல ஸ்டாண்டர்டா இருக்கறது வேற, உங்க பிளான்ட்டுக்கு ஸ்டாண்டர்ட் வேற.

#11 ஆக்சிஜன்_லைன்

நண்பர்கள் எல்லோரும் ஸ்பெஷலை வெட்டிக்கொண்டே போவதால் ஒரு எதிர்க்குரல். சில ஆப்ஷன்களை டெலிவரி எவ்வளவு நீண்டாலும் விடக் கூடாது.

ஆக்சிஜன் சர்வீஸில் சிலிகான் ஃபில் போட்டு, டயஃப்ரம் ஓட்டையானால் எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும். அப்புறம் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஃப்ளூரின் சேர்ந்த மந்த எண்ணெயும் கிரீஸ் இல்லாமல் சுத்தம் செய்யும் ஆப்ஷனும் கட்டாயம். இதில் கொடுமை என்னவென்றால், சுத்தம் செய்து சீல் வைத்த பையில் வரும் கருவியை ஸ்டோரில் "உள்ளே சரியாக இருக்கிறதா" என்று பிரித்து, எண்ணெய்க் கையோடு தடவிப் பார்த்து, திரும்பச் சுற்றி வைத்துவிடுவார்கள். பர்ச்சேஸ் ஆர்டரிலும் பெட்டியின் வெளியிலும் "பொருத்தும் வரை பிரிக்காதே" என்று எழுதச் சொல்லுங்கள்.

ஹைட்ரஜன் இன்னொன்று. அணுவாகப் பிரிந்த ஹைட்ரஜன் மெல்லிய டயஃப்ரத்தைத் துளைத்துப் போய் எண்ணெயில் கரையும், அழுத்தம் இறங்கும்போது குமிழாகும், டயஃப்ரம் உப்பும், ஜீரோ நகர்ந்துகொண்டே போகும். அதற்குத்தான் தங்க முலாம். "டயஃப்ரத்துக்குத் தங்கமா" என்று மீட்டிங்கில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு உள்ள இடத்தில் நேஸ் எம்.ஆர். 0175 (அந்த வாயுவில் விரிசல் விடாத உலோகத்துக்கான தரநிலை) ஆப்ஷனும் அப்படியே.

இவையெல்லாம் பெரும்பாலும் டேபிளில் உள்ளவைதான், நட்சத்திரம் இருக்காது. "எல்லாவற்றையும் ஸ்டாண்டர்டாக மாற்று" என்ற ஒற்றை உத்தரவில் முதலில் பலியாவது இவைதான்.

#12 கொள்முதல்_மேசை

ஒத்துக்கறேன். ஆனா எது எண்ணெய் விஷயம், எது டயல் அழகு விஷயம்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? டேட்டாஷீட்ல ரெண்டும் ஒரே மாதிரி ஒரு வரிதான். ஸ்பெஷல் கேக்கற ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல காரணம்னு ஒரு காலம் போட்டு எழுதிக் கொடுங்க. எழுத முடியலேன்னா அந்த ஸ்பெஷல் வேண்டாம்.

#13 பழையடயல்

கொள்முதல் நண்பர் சொன்ன அந்தக் காரணக் காலத்தை நானும் ஆதரிக்கிறேன். அதோடு, அசல் ஸ்பெஷல் ஒன்று மிஞ்சினால் பர்ச்சேஸ் ஆர்டரில் வெறும் மாடல் குறியீட்டை எழுதி விட்டுவிடாதீர்கள். சில வருடம் கழித்து அதே குறியீட்டைச் சொல்லி ஸ்பேர் கேட்டால் ஸ்டாண்டர்டுதான் வரும், ஏனென்றால் ஸ்பெஷல் என்ன என்பது குறியீட்டுக்குள் இல்லை, யாரோ போட்ட படத்தில் இருக்கிறது. ஆர்டர் வரி இந்த மாதிரி இருக்கட்டும்:

"டேக் எல்.டி.-2104. மாடல் குறியீடு முழுவதும். ஸ்பெஷல் எண், அப்ரூவ் ஆன டிராயிங் எண், திருத்த எண். ஸ்பெஷல் என்ன என்று ஒரு வாக்கியம். காரணம் ஒரு வாக்கியம். ஸ்பெஷல் எண்ணை நேம்பிளேட்டில் பொறிக்கவும்."

கருவி வந்ததும் சீரியல் நம்பரை டேக்கோடு சேர்த்துப் பதிந்துவிடுங்கள். டிராயிங் தொலைந்தாலும் சீரியல் நம்பரைச் சொன்னால் அன்றைக்கு என்ன செய்து அனுப்பினார்கள் என்று ஃபாக்டரியில் எடுத்துச் சொல்லிவிடுவார்கள்.

கேஜுக்கு நேரம் செலவழிக்க வேண்டாம். ஒற்றை ஸ்கேல், ஸ்டாண்டர்ட் டயல், டேக்குக்குக் கம்பியில் கட்டிய ஸ்டெயின்லெஸ் தகடு.

#14 ஸோன்_ஒன்

ஒரு விஷயம் யாரும் தொடவில்லை. ஏரியா ஹசார்டஸ் (வெடிக்கும் வாயு இருக்கக்கூடிய இடம்) என்றால், ஸ்பெஷல் செய்த பிறகும் அந்த ஏடெக்ஸ், ஐ.இ.சி. எக்ஸ் (வெடிப்புப் பாதுகாப்பு) சர்ட்டிஃபிகேட் செல்லுமா என்று எழுத்தில் வாங்குங்கள். சர்ட்டிஃபிகேட் என்பது சோதித்த டிசைனுக்கு. ஹவுசிங்கில் கூடுதலாக ஒரு துளை, வேறு கண்ணாடி, தடித்த பெயின்ட் என்று எதைக் கேட்டாலும் அது கேள்விக்குறியாகலாம். பெயின்ட்டில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். ஐ.இ.சி. 60079-0 படி, ஐ.ஐ.சி. வாயுக் குழுவில் (ஹைட்ரஜன், அசிட்டிலீன் வகை) உலோகத்தின் மேல் பூசும் உலோகமல்லாத பூச்சு 0.2 மி.மீ.க்கு மேல் போனால் நிலைமின்சாரத்துக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். அரிப்புக்கென்று மூன்று கோட் எபாக்ஸி கேட்டால் அதைத் தாண்டிவிடும். டிரான்ஸ்மிட்டர் வந்த பிறகு சைட்டில் பெயின்டர் அடிக்கிற கோட்டுக்கும் இதே விதிதான்.

#15 லூப்செக்

எல்லோருக்கும் நன்றி. ப்ராசஸ், கொள்முதல், மெயின்டனன்ஸ் மூன்று பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து இந்த இழையைத் திறந்து வைத்துப் பேசினோம். முடிவானது:

லெவல்: டயஃப்ரம் 316எல். எச்.பி. நேரடிப் பூட்டு, எல்.பி. கேப்பிலரி 7 மீட்டர். கீழ் நாசில் பக்கம் பிளாட்ஃபார்ம் இருக்கிறது, பம்ப் தள்ளித்தான் இருக்கிறது. ரேஞ்ச் −5604 முதல் +1596. கொட்டேஷனில் ரேஞ்ச் குறியீட்டைப் பார்த்தேன், கேப்பிலரி சார் சொன்ன மாதிரியே அடுத்த பெரிய சென்சார்தான் போட்டிருந்தார்கள். மாற்றச் சொல்லியாயிற்று.

தெர்மோவெல் 250, கால்குலேஷனோடு. லேப் ரிப்போர்ட்டில் கண்டன்சேட் 2 மைக்ரோசீமென்ஸ், அதனால் வோர்டெக்ஸ். கேஜ் ஸ்டாண்டர்ட். கேபிள் என்ட்ரி எல்லாவற்றுக்கும் எம்20, ஃபிளாஞ்ச் பழைய பிளான்ட் போலவே கிளாஸ் 150. சர்ட்டிஃபிகேட் 3.1, ஸ்டீம் லைன் வெல்லுக்கு மட்டும் 3.2 வேண்டும் என்று ப்ராசஸ் பிடிவாதம். அதை விட்டுக்கொடுத்தேன்.

அசல் ஸ்பெஷல் என்று இப்போது ஒன்றுமில்லை. காஸ்டிக் சீலுக்கு ஃப்ளஷிங் ரிங் வேண்டுமா என்பது மட்டும் பேச்சில் இருக்கிறது, அதுவும் டேபிளில் உள்ளதுதான்.

#16 கேப்பிலரி

ரிங் போடுங்கள், காஸ்டிக் படிந்து நாசிலை அடைத்தால் கழுவ வழி வேண்டும். கான்ஃபிகரேஷன் ஷீட்டில் ஃபெயில்யூர் அலாரம் (கருவி பழுதானால் சிக்னல் தாவ வேண்டிய திசை) எந்தப் பக்கம் என்று எழுதினீர்களா? வெறுமனே விட்டால் ஃபாக்டரி வழக்கப்படி வரும். நமூர் என்.இ. 43 படி 3.6 மில்லியாம்புக்குக் கீழே அல்லது 21-க்கு மேலே, இரண்டில் ஒன்று.

#17 லூப்செக்

அந்தக் கட்டம் காலியாகத்தான் இருந்தது சார். டேங்க்கில் ஹை-ஹை டிரிப் (மட்டம் மிக உயர்ந்தால் பம்பை நிறுத்தும் ஏற்பாடு) இருக்கிறது, கருவி செத்தால் பம்ப் நிற்க வேண்டும். மேல் பக்கம், 21 என்று எழுதி ஷீட்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.